குறைவும் மிகையும்

இரண்டு பொருள்களை ஒருங்கே காணும்பொழுது நம் மனம் முதலிற் செய்யும் தொழில் ஒப்பிடுதலே ஆகும். இரண்டு மாங்கனிகளை இரு கைகளிலும் ஏந்திய குழந்தை, எது பெரிது என்று மாறி மாறிப் பார்க்கிறது. சந்தைக்குச் சென்ற தாய், சென்ற வாரத்தினும் இவ்வாரம் புளியின் விலை மிகுதி என்று கூறிக் கூடையைக் கீழே வைக்கிறாள். மேகத்தை நோக்கிய உழவன், சென்ற ஆண்டினும் இவ்வாண்டு மழை குறைவு என்று பெருமூச்சு விடுகிறான். எண்ணக் கற்பதற்கு முன்பே நாம் ஒப்பிடக் கற்றுவிடுகிறோம். ஒப்பிட்டுப் பார்த்த பொருள்களுள் ஒத்திருப்பவை சில, ஒவ்வாதிருப்பவையே பல. ஆதலின், வாழ்க்கையில் நாம் நாள்தோறும் ஆளும் கணக்குகளுட் பல சமனின்மையைப் பற்றியனவாகவே உள்ளன. இதனைக் கணக்கு நூல்கள் அசமன்பாடு என்றும் சமனிலி என்றும் வழங்கும்.

தமிழ் கற்பிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவன் கணக்கைப் பற்றி எழுதப் புகுவது ஏன் என்று நீங்கள் வினவலாம். கணக்கிலே ஒரு குறி உண்டு. அது தமிழாசிரியனுக்கும் உரியது என்பது என் கருத்து. அக்குறியைப் பிழைபட எழுதும் மாணவர்களுட் பலர் எண்ணிலே பிழை செய்பவர் அல்லர். வாக்கியத்திலே பிழை செய்பவர். இக்கருத்துக்கு நான் வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை தருவதன்று. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதலிற் குறியின் வரலாற்றைச் சிறிது காண்போம். இரண்டு அளவுகள் சமம் என்பதைக் காட்ட நாம் எழுதும் இரட்டைக் கோட்டை 1557-ஆம் ஆண்டில் இராபர்ட் ரெக்கார்டு என்பவர் ஒரு நூலில் முதன்முதல் ஆண்டார். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போல ஒத்திருப்பவை வேறில்லை என்பது அவர் கூறிய காரணம். குறைவையும் மிகுதியையும் காட்டும் கோணக் குறிகள் அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திற்குப் பின்னரே அச்சேறின. தாமஸ் ஹாரியட் என்னும் ஆங்கில அறிஞர் 1621-இல் மறைந்தார். அவருடைய இயற்கணித நூல் 1631-இல் வெளிவந்தது. அந்நூலிலேதான் < என்னும் குறியும் > என்னும் குறியும் முதலிற் காணப்பட்டன. ஹாரியட் கணக்கு வல்லுநர் மட்டும் அல்லர். 1585-இல் கடல் கடந்து அமெரிக்கக் கரைக்குச் சென்றவர். அங்கு வாழ்ந்த மக்களின் மொழியைக் கற்று, அதன் ஒலிகளை எழுத ஒரு புதிய எழுத்துமுறையை வகுத்தவர். ஒலிக்கு வடிவம் அமைத்த கையே ஒப்பீட்டுக்கும் வடிவம் அமைத்தது என்பது மொழி கற்போர் எண்ணி மகிழத்தக்கது.

சமக்குறியின் இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள தொலைவு இருபுறமும் ஒன்றே. குறைவுக்குறியிலோ ஒரு புறம் கோடுகள் கூடி ஒரு புள்ளியாகின்றன. மறுபுறம் விரிந்து நிற்கின்றன. கூடிய முனை சிறியதை நோக்கும். விரிந்த பக்கம் பெரியதை நோக்கும். குறியின் வடிவே அதன் பொருளைக் கூறுகின்றது. சிறு பிள்ளைகளுக்கு இதனை முதலையின் வாய் என்று கூறிப் பெரியதையே அவ்வாய் விழுங்கும் என்று கற்பிப்பதுண்டு. தொடக்க வகுப்பிற்கு அது நல்ல துணை. ஆயினும், உயர்நிலை வகுப்பிற்கு வந்த பின்னரும் முதலையின் துணையையே நாடுதல் தகாது. குறியைக் கண்டு பெரியது எது என்று சொல்வது எளிது. வாக்கியத்தைக் கேட்டுக் குறியை எழுதுவதே அரிது. அங்கே முதலை உதவாது, இலக்கணமே உதவும்.

கரும்பலகையில் 3 < 5 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். இஃது ஒரு படம் அன்று. ஒரு முழு வாக்கியம். 'மூன்று ஐந்தினும் குறைவு' என்பது அதன் தமிழ். மூன்று என்பது எழுவாய். குறைவு என்பது பயனிலை. ஐந்தினும் என்பது எதனோடு ஒப்பிடப்படுகிறது என்பதைக் காட்டும் சொல். ஆங்கிலத்தில் இவ்வாக்கியத்தின் சொற்கள் குறி நிற்கும் முறையிலேயே இடமிருந்து வலமாக வரும். தமிழிலோ உருபு பொருளைக் காத்து நிற்பதால் சொற்கள் இடம் மாறலாம். 'ஐந்தினும் மூன்று குறைவு' என்றாலும் பொருள் அதுவே. நாம் பேசும்பொழுது பெரும்பாலும் இவ்வாறே, ஒப்பிடப்படும் பொருளை முன்னே வைத்து, 'ஐந்தைவிட மூன்று சிறியது' என்கிறோம். இதனைக் கேட்ட மாணவன் சொல் வந்த வரிசையிலேயே எழுதுகோலை ஓட்டி 5 < 3 என்று எழுதிவிடுகிறான். ஐந்தும் மூன்றும் அவனுக்குத் தெரியாத எண்கள் அல்ல. அவன் எழுவாயைத் தேடவில்லை, அவ்வளவே. ஆகவே, வாக்கியத்தைக் கேட்டவுடன் எழுவாய் எது என்று காண்க; அதனை இடப்பக்கம் எழுதுக; உருபேற்ற சொல்லை வலப்பக்கம் எழுதுக. இவ்வொரு பழக்கம் அமைந்தால் அந்தப் பிழை நேராது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. 'ஒரு கூடையில் உள்ள பழங்கள் ஐந்தைவிடக் குறைவு' என்பது வேறு. 'ஐந்தைவிட மூன்று குறைவு' என்று அதே கூடையைப் பற்றிச் சொல்வது வேறு. முன்னது ஒப்பீடு, பழங்கள் நான்காகவும் இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம். பின்னது கழித்தல், பழங்கள் இரண்டே. ஒரு சொல் கூடியதனால் சமனிலியாக நின்ற வாக்கியம் சமன்பாடாக மாறிவிட்டது. எவ்வளவு குறைவு என்று கூறப்பட்டதா, குறைவு என்று மட்டும் கூறப்பட்டதா என்று கேட்டறிந்த பின்னரே எழுதத் தொடங்குதல் வேண்டும்.

நம் பழைய இலக்கண நூல்கள் இப்பொருளை ஐந்தாம் வேற்றுமையில் வைத்து ஆராய்ந்துள்ளன. தொல்காப்பியம் அவ்வேற்றுமைக்கு உரிய பொருள்களை அடுக்கும்பொழுது அளவையும், சிறுமை பெருமைகளையும், பன்மை சின்மைகளையும் சேர்த்தே கூறுகின்றது. சிறுமை என்பது உருவிற் சிறியதாதல்; சின்மை என்பது எண்ணிக்கையிற் சிலவாதல். அளப்பதையும் எண்ணுவதையும் வேறு பிரித்தறிந்தவர் நம் முன்னோர். பிற்காலத்து நன்னூல் இவ்வேற்றுமையின் பொருள்களுள் ஒப்பையும் எல்லையையும் வைத்தது. 'சேலத்தின் தெற்கு நாமக்கல்' என்னும்பொழுது இன் என்னும் உருபு எல்லையைக் குறிக்கின்றது. ஒப்பிடுதல், எல்லை வகுத்தல் ஆகிய இரண்டும் சேர்ந்ததே சமனிலி. அவ்விரண்டும் ஒரே உருபின்கண் அமைந்திருத்தல் காண்க.

ஆயினும், இலக்கணம் இடந்தரும் ஓர் ஐயம் கணக்கில் இடம்பெறுவதில்லை. 'தேனின் இனிது சேலத்து மாம்பழம்' என்று ஒருவர் கூறுகிறார். தேனைப் போன்ற இனிமையுடையது என்பதும் இதற்குப் பொருளாகும். தேனினும் மிக்க இனிமையுடையது என்பதும் பொருளாகும். முன்னதை ஒப்பு என்றும், பின்னதை உறழ்ச்சி என்றும் உரைப்பர். பழத்தை உண்டு மகிழ்வோர்க்கு இரண்டும் ஒன்றே. எண்ணை ஆள்வோர்க்கு அவை ஒன்றல்ல. சமமா, மிகுதியா, சமமாகவோ மிகுதியாகவோ இருக்கலாமா என்னும் மூன்றையும் கணக்கு தனித்தனியே கேட்கிறது. இறுதியாகச் சொன்னதற்கென்றே கோணக் குறியின் கீழ்க் கோடிட்டு எழுதும் வழக்கம் உண்டாயிற்று. பிரெஞ்சு நாட்டுப் பியேர் பூகே என்பவர் 1734-இல் அவ்வாறு கோடு சேர்த்து எழுதினார். இன்று நாம் ≤ என்றும் ≥ என்றும் எழுதுகிறோம். அச்சிறு கோடு எல்லைக்கல் போன்றது. எல்லை உள்ளே அடங்குமா, புறத்தே நிற்குமா என்பதை அதுவே கூறுகின்றது.

அச்சிறு கோட்டின் மதிப்பை நான் அறிந்த வகையை இனிக் கூறுவேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நாமக்கல்லை அடுத்த ஓர் ஊரில் நான் தமிழாசிரியனாக இருந்தேன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவன் மேல் வகுப்பிற் சேர விரும்பினான். அவன் தந்தையார் சிறிதளவு நிலத்தில் மரவள்ளி பயிரிட்டு வாழ்ந்தவர். ஓர் அறக்கட்டளை ஏழை மாணவர்க்கு உதவித்தொகை தருவதாக அறிவித்திருந்தது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 12,000 ரூபாய்க்கு மிகாமல் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. அறிவிப்பையும் வருமானச் சான்றையும் கையிற் பிடித்துக்கொண்டு அவன் என்னிடம் வந்தான்.

"ஐயா, எங்கள் சான்றில் சரியாகப் பன்னிரண்டாயிரம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்டான்.

"எல்லையைத் தொட்டுவிட்டதே, தம்பி. அதற்குக் குறைந்தவர்களுக்கு அன்றோ இது?" என்றேன்.

அவன் மறுசொல் பேசவில்லை. தமிழாசிரியர் சொல்லுக்குப் பொருள் கூறினால் அது சரியாகவே இருக்கும் என்று நம்பிச் சென்றான். அவ்வாண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். சில மாதங்கள் சென்றன. ஒருநாள் ஆசிரியர் அறையில் இச்செய்தியைப் பேச்சிடையே கூறினேன். கணக்காசிரியர் சற்று நேரம் வாளா இருந்தார்.

"ஐயா, மிகாமல் என்றால் பன்னிரண்டாயிரமும் அதில் அடங்கும் அல்லவா?" என்று மெல்லக் கேட்டார். ஒரு தாளை எடுத்து ≤ என்னும் குறியை எழுதி என் முன்னே வைத்தார்.

எனக்கு நாவெழவில்லை. மிகுதல் என்பது எல்லையைக் கடத்தல். மிகாமை என்பது கடவாமை. எல்லையிலே நிற்பவன் எல்லையைக் கடந்தவன் அல்லன். இதனை ஓர் எதிர்மறை வினையெச்சமாக வகுப்பிலே பல முறை விளக்கியவன் நான். மிகாமையும் குறைவும் ஒன்றென்று நொடிப்பொழுதில் எண்ணிவிட்டேன். அன்று மாலையே அவன் வீட்டிற்குச் சென்று, பிழை என்னுடையது என்று அவன் தந்தையாரிடம் கூறினேன். "போகட்டும் ஐயா, தெரிந்தா செய்தீர்கள்?" என்றார் அவர். மறு ஆண்டு அவன் விண்ணப்பித்தான், உதவியும் பெற்றான், படித்தும் முடித்தான். ஆயினும் ஓர் ஆண்டு போயிற்று. அவ்வாண்டை என்னால் திருப்பித் தர இயலவில்லை. அக்குறியைத் தமிழாசிரியனும் கற்பித்தல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

மாணவர்களே, அறிவிப்புகளிலும் சட்டங்களிலும் வரும் சில சொற்களை நீங்கள் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். 'குறைந்த' என்றால் எல்லை அடங்காது. 'மிகாத' என்றால் எல்லை அடங்கும். 'மேற்பட்ட' என்றால் எல்லை அடங்காது. 'குறையாத' என்றால் எல்லை அடங்கும். எதிர்மறைச் சொற்கள் இரண்டும் சமக்குறியைத் தம்முள்ளே ஒளித்து வைத்திருக்கின்றன. குறைவின் மறுப்பு மிகுதி என்று பலர் நினைக்கின்றனர். அது பிழை. எந்த இரண்டு எண்களை எடுத்தாலும் முதலாவது குறைவு, சமம், மிகுதி என்னும் மூன்றனுள் ஒன்றாகவே இருக்கும். அவற்றுள் குறைவை விலக்கினால் எஞ்சுவன சமமும் மிகுதியும் ஆகிய இரண்டு. நம் அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவு, 18 வயதிற்குக் குறையாத குடிமக்களுக்கு வாக்குரிமை தருகின்றது. முன்னர் 21 என்றிருந்த எல்லை 1989-இல் 18 ஆயிற்று. அதற்கென்று குறிக்கப்பட்ட நாளில் சரியாக 18 வயது நிறைந்தவர் அவ்வுரிமையைப் பெறுவார். 'குறையாத' என்னும் ஒரு சொல்லே அவரை உள்ளே அழைத்துக்கொள்கிறது. 'உட்பட்ட' என்னும் சொல்லோ எல்லையை உட்கொள்ளுமா என்னும் ஐயத்திற்கு இடந்தருவது. அறிவிப்பு எழுதுவோர் அதனை விலக்கி, '12,000 ரூபாயும் அதற்குக் குறைவும்' என்று வெளிப்படையாக எழுதினால் எத்தனையோ பேர் பிழைப்பர்.

எல்லையைக் காத்தல் வெறும் ஏட்டுக் கணக்கன்று. சேலம் மாவட்டத்து மேட்டூரில் 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையை நீங்கள் அறிவீர்கள். அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. நீர்மட்டம் ≤ 120 என்னும் சிறு வாக்கியத்தைக் காப்பதற்காகவே அங்கே பதினாறு கண் மதகு அமைந்துள்ளது. நீர் எல்லையை எட்டி மேலும் பெருகி வருமாயின், மிகுந்த நீர் அதன் வழியே வெளியேற்றப்படும். அணை நிறைவது மகிழ்ச்சி. எல்லை கடப்பது அச்சம். இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு கோடே.

சமன்பாட்டிற்கும் சமனிலிக்கும் உள்ள மற்றொரு வேறுபாட்டைக் காண்போம். 9,000 கிலோ வரை சுமை ஏற்றத்தக்க லாரி ஒன்று சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிச் செல்லப் புறப்படுகிறது என்க. அதில் முன்னரே 1,000 கிலோ சரக்கு உள்ளது. மூட்டை ஒன்றின் நிறை 50 கிலோ. எத்தனை மூட்டைகள் ஏற்றலாம்? மூட்டைகளின் எண்ணிக்கையை அ என்று கொண்டால், 50அ + 1,000 ≤ 9,000 ஆகும். இரு புறமும் 1,000 நீக்க, 50அ ≤ 8,000. இரு புறமும் 50-ஆல் வகுக்க, அ ≤ 160. சமன்பாடாயின் 160 என்னும் ஒரே விடையோடு முடிந்திருக்கும். சமனிலியோ 160, 159, 158 என இறங்கி, ஒரு மூட்டையும் ஏற்றாத நிலை வரையில் எல்லாவற்றையும் விடையாகத் தருகின்றது. சமன்பாடு ஒரு வீட்டைக் காட்டுவது போன்றது; சமனிலி ஓர் ஊரையும் அதன் எல்லையையும் காட்டுகின்றது. அவ்வெல்லைக்கு அப்பால் ஏற்றப்படும் 161-ஆவது மூட்டையே அச்சை முறிப்பதும் சாலையைச் சிதைப்பதும் ஆகலாம். ஒரு மூட்டைதானே என்பவர் எல்லை என்னும் சொல்லின் பொருளை உணராதவர்.

எண்ணத்தக்கவற்றிற்கும் அளக்கத்தக்கவற்றிற்கும் இங்கே ஒரு வேற்றுமை உண்டு. மூட்டைகளை முழுமையாகவே எண்ணுகிறோம். ஆகையால் 160-க்கு மேற்பட்டவை என்பதும் 161-க்குக் குறையாதவை என்பதும் ஒன்றே. நிறையை அளக்கும்பொழுது அவ்வாறு கூற இயலாது. நாமக்கல் முட்டைக்குப் பெயர்பெற்ற ஊர். அக்மார்க் தரப்படி 45 முதல் 52 கிராம் வரையுள்ளது நடுத்தர முட்டை. 53 முதல் 59 கிராம் வரையுள்ளது பெரிய முட்டை. முழுக் கிராமில் நிறுத்துக் கூறினால் இவ்விரண்டு வகுப்புகளுக்கும் இடையில் வெற்றிடம் இல்லை. துல்லியமான தராசில் ஒரு முட்டை ஐம்பத்திரண்டரைக் கிராம் காட்டினால் யாது செய்வது? அப்பொழுது, 53-க்குக் குறைந்தது நடுத்தரம் என்றோ, 52-க்கு மேற்பட்டது பெரிது என்றோ வேறொரு வாக்கியம் வகுத்தே ஆகவேண்டும். எண்ணுகிறோமா, அளக்கிறோமா என்பதை அறியாமல் குறியிடுதல் கூடாது.

குறி திரும்பும் இடங்களிலும் கருத்து வேண்டும். இருபது பதினாறினும் மிகுதி. ஆனால் இருபதில் ஒன்று பதினாறில் ஒன்றினும் குறைவு. ஒரு பொருளைப் பலர் பகிரப் பகிர ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும் அன்றோ? திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி கற்ற நம் முன்னோர் இதனைப் பெயரிலேயே அறிந்திருந்தனர். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. பதினாறில் ஒன்று மாகாணி. மாவும் காணியும் சேர்ந்ததே மாகாணி. ஆதலின் மா < மாகாணி என்பதற்கு அப்பெயரே சான்று. கடனிலும் குறி திரும்பும். கையில் 5 ரூபாய் உடையவர் 3 ரூபாய் உடையவரினும் வளமுடையவர். 5 ரூபாய் கடன்பட்டவரோ 3 ரூபாய் கடன்பட்டவரினும் வறியவர். எனவே 5 > 3 என்பது உண்மையாயின், -5 < -3 என்பதும் உண்மை. இரு புறமும் குறையெண்ணாற் பெருக்கினாலும் வகுத்தாலும் குறியைத் திருப்புக என்று கணக்கு நூல் விதிப்பது இதனையே. உடைமை கடனாக மாறும்பொழுது உயர்ந்தது தாழ்கிறது என்று பொருளோடு உணர்ந்தவன் அவ்விதியை மறவான்.

ஒப்பீடுகள் ஒன்றோடொன்று தொடர்ந்து புதிய உண்மையைத் தருவதும் உண்டு. நாமக்கல் கோட்டை மலை கொல்லிமலையினும் தாழ்ந்தது. கொல்லிமலை சேர்வராயன் மலையினும் தாழ்ந்தது. முதலாவதையும் மூன்றாவதையும் நேரே ஒப்பிட வேண்டுவதில்லை. விடை தானே வருகின்றது. 'மிகச் சிறியது' என்னும் சொல்லோ இன்னும் ஆழமுடையது. 1887-இல் ஈரோட்டிற் பிறந்த கணித மேதை இராமானுசனின் குடும்பத்தார் நாமக்கல் நாமகிரித் தாயாரை வழிபட்டு வந்தவர். அவர் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபொழுது காண வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறிவந்த வண்டியின் எண் 1729 என்றும், அது சிறப்பற்றதாகத் தோன்றுகிறது என்றும் கூறினார். இராமானுசன் அதனை மறுத்து, இரண்டு கனங்களின் கூட்டலாக இரு வேறு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்றார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் கூடினால் 1729. ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் கூடினாலும் 1729. அவ்விரண்டையும் கூட்டிப் பார்ப்பது உங்களாலும் ஆகும். ஆனால், மிகச் சிறியது என்று கூறுவதற்கு அதனினும் குறைந்த 1,728 எண்களுள் ஒன்றேனும் அவ்வியல்புடையதன்று என்று அறிந்திருத்தல் வேண்டும். குறைவு என்னும் சொல்லை நாம் எளிதில் ஆள்கிறோம். அதன் பின்னே இத்தனை உழைப்பு நிற்கிறது.

இறுதியாக ஒன்று கூறுவேன். குறைவுக்குறியை எந்த இரண்டுக்கும் இடையே இட்டுவிட முடியாது. மூன்று படி அரிசிக்கும் ஐந்து முழம் துணிக்கும் நடுவே எக்குறியை இடுவது? ஒரே அலகால் அளக்கப்படுவனவற்றிற்கு இடையேதான் அது நிற்கும். வகுப்பில் ஒருவன் மதிப்பெண்ணில் மற்றவனினும் குறைந்திருக்கலாம், ஓட்டத்தில் மிகுந்திருக்கலாம், பொறுமையில் இருவரும் ஒத்திருக்கலாம். மதிப்பெண்ணுக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையே குறியிடுதல் கணக்கு. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே குறியிடுதல் கணக்கின் விதிக்கே புறம்பானது. அங்கே அளக்கும் அலகு இல்லை.

ஆகவே, மாணவர்களே, அக்குறியைக் காணும்போதெல்லாம் அதனை முழுத் தமிழ் வாக்கியமாக வாய்விட்டுப் படியுங்கள். எழுவாய் எது என்று கேளுங்கள். அலகு ஒன்றுதானா என்று கேளுங்கள். எல்லை உள்ளே அடங்குமா என்று கேளுங்கள். இம்மூன்றாம் கேள்வியை ஒரு நாள் நான் கேட்கத் தவறினேன். அதன் விலையைக் கொடுத்தவன் நான் அல்லன். என்னை நம்பி வந்த மாணவன். நாளை உங்களிடமும் ஒருவர் ஓர் அறிவிப்பை நீட்டிப் பொருள் கேட்பார். விடை கூறுமுன் அச்சிறு கோட்டை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.